வாசலிலிருந்து நாலாம் வரிசை

முனிரத்தினம் சாவி எடுத்துட்டு வரேன்னு சைக்கிளை மிதிச்சுக்கிட்டுப் போய் இருபது நிமிஷம் ஆச்சு. ரெண்டே நிமிஷம்மான்னான். இவன் ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா. கோட்டைப்பாளையம் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு இவன்தான் காவல்காரன், ஆனா பின்பக்கச் சின்னக் கதவுக்குச் சாவி எங்கடான்னா தலையைச் சொறியறான், பாஸ்டர் வீட்டு பீரோவுல இருக்கும்மாங்கிறான். முன்பக்கம் மெயின் கேட்டு வழியா போலாம்னா பாதாள சாக்கடைக்குன்னு ரோட்டையே வெட்டிப் போட்டிருக்காங்க, கேட்டுக்கு முன்னாடி ஆளுயரத்துக்குப் பள்ளம், குறுக்கே ஒத்தைப் பலகை. எண்பத்தோரு வயசு மனுசனை அந்தப் பலகை மேல நடத்திக் கூட்டிட்டுப் போக நான் என்ன சர்க்கஸா நடத்தறேன். அதான் ஆட்டோவைச் சுத்தி விடச் சொல்லி இந்தப் பின் சந்துக்கு வந்தோம். முப்பது வருசமா இந்தத் தோட்டத்துக்கு வந்து போறேன், இந்தச் சந்துல இன்னைக்குத்தான் காலை வைக்கிறேன். டீக்கடைக்காரம்மா ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டுச்சு. ஒண்ணுல நான். இன்னொண்ணுல ஆலன் விட்கோம்ப், இங்கிலாந்துல டெவன்ங்கிற பக்கம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. அவரு மடியில பிஸ்கட் டப்பா அளவுக்கு ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள்ள அவரோட அக்கா ஜோன். போன வருசம் மார்ச்ல போயிட்டாங்க, சாம்பலைப் பாதி அங்க வச்சிட்டு மீதியை இங்க கொண்டாந்திருக்காரு. சாமுவேல் பக்கத்துல என்னை வைங்கடான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் அந்தம்மா கண்ணை மூடியிருக்காங்க. சாமுவேல் விட்கோம்ப், சிப்பாய், 1823 ஆகஸ்ட்ல காலராவுல செத்தான், வயசு இருபத்து நாலு. பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டியை ஊர்ல விட்டுட்டுக் கப்பலேறினவன். அந்த வயித்துல இருந்த பிள்ளையோட வம்சம்தான் இவங்க ரெண்டு பேரும். கண்டுபிடிச்சுக் கொடுத்தது நான். என் பிழைப்பே அதுதானே, வெள்ளைக்காரங்களுக்கு அவங்க தாத்தனுக்குத் தாத்தனைத் தேடிக் கொடுக்கிறது. திருமண்டல ஆபீஸ்ல பழைய ரிஜிஸ்டர்களைக் காத்துக்கிட்டு முப்பத்தோரு வருசம், ரிட்டயர் ஆனப்புறமும் அதே ரிஜிஸ்டர், அதே பூச்சி, அதே தும்மல்.

வெயில் ஏறிக்கிட்டிருக்கு. பத்தரை இருக்குமா. ஆலன் தொப்பியைக் கழட்டி பெட்டி மேல வச்சுக்கிட்டாரு, அக்காவுக்கு வெயில் படக்கூடாதுன்னா, இல்லை தலை வேர்க்குதுன்னா தெரியலை, கேட்கவும் முடியாது. எதிர்ல தோட்டத்து மதில். சுண்ணாம்பு போய் செங்கல் தெரியுது. சின்னக் கதவுக்குப் பக்கத்துல மதில்ல ரெண்டு தடித்த தூண், நடுவுல வளைவு, வளைவுக்குள்ள முழுக்க வேற நிறச் செங்கல் வச்சு அடைச்சிருக்கு. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், இருபது நிமிஷமா. கண்ணு பார்க்குது, மண்டைக்குப் போகலை. சும்மா ஒரு பேச்சுக்கு, இது என்னம்மா இங்க வளைவு மாதிரின்னு கேட்டேன். டீக்கடைக்காரம்மா, பச்சையம்மான்னு பேரு, கிளாசைக் கழுவிக்கிட்டே சொல்லுச்சு. "இதாம்மா பழைய வாசல். அந்தக் காலத்துல சாவு வண்டி உள்ள போறது இப்படித்தானாம். எங்க மாமனாரு சொல்லுவாரு. அந்தாண்ட ரோடு போட்டப்புறம் அங்க கேட்டு வச்சுட்டு இதை அடைச்சுட்டாங்க." சொல்லிட்டு அது பாட்டுக்கு அடுத்த கிளாசைக் கழுவுது.  போச்சுடா. பழைய வாசல். பழைய வாசல்னா, அப்போ, இல்ல இல்ல, இரு ஹெப்சிபா, அவசரப்படாத, அந்தாண்ட ரோடு எப்போ போட்டான், எப்பவோ போட்டிருக்கட்டுமே, ரிஜிஸ்டர் எழுதினது 1823. அப்ப ரோடே கிடையாது. ரோடு இல்லாத பக்கம் வாசல் எதுக்கு வைப்பான். வாசலிலிருந்து நாலாம் வரிசை, இடக்கைப் பக்கம் ஏழாவது. அப்படித்தான் எழுதியிருக்கு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எந்த வாசல்? நான் எண்ணினது ரோட்டுப் பக்கத்து கேட்டுலேருந்து. நான் பார்த்த ஒரே கேட்டு அதுதானே. என் கண்ணுக்கு ஒரு வாசல்தான் இருந்துச்சு, எண்ணிட்டேன்.

அந்த ரிஜிஸ்டரை எழுதின பாதிரி நல்ல மனுசன். ரிஜிஸ்டர் படிச்சுப் படிச்சு ஒவ்வொரு பாதிரியோட குணமும் எனக்கு அத்துப்படி. ஒருத்தன் ஞாயித்துக்கிழமை எழுதினா வரி சாயும், ஏன்னு நமக்குத் தெரியும். ஒருத்தன் செத்தவன் பேரைவிடத் தன் கையெழுத்தைப் பெருசா போடுவான். இவன் ஒருத்தன்தான் காலரா வருசத்துல, கல்லு வெட்ட ஆளில்லை, நாளைக்கு நாலு பேர் அஞ்சு பேர்னு குழி, அப்பவும் உக்காந்து ஒவ்வொருத்தனுக்கும் வரிசை, பக்கம், எண்ணிக்கை எழுதி வச்சான். யாராவது தேடி வருவாங்கன்னு நினைச்சிருக்கான். இருநூறு வருசம் கழிச்சு நான் போய் நின்னேன், தப்பான பக்கம் முதுகைக் காட்டிக்கிட்டு. அப்பவே உறுத்துச்சே. அதைத்தான் என்னால பொறுக்க முடியலை. சாமுவேலோடதுன்னு நான் எண்ணிக் கண்டுபிடிச்ச அந்தச் செங்கல் மேட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற கல்லுல தேதியைப் படிச்சேனே, 1834, 1835, 1837. நடுவுல மட்டும் எப்படி 1823 வரும். வாசல் பக்கத்துலேருந்து புதைச்சுக்கிட்டு வந்தா பழசெல்லாம் வாசல்கிட்ட இருக்கணும், ரோட்டு கேட்டுகிட்ட இருக்கிறதெல்லாம் புதுசு, சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். நான் என்ன பண்ணினேன், ஜோனுக்கு எழுதினேன், சுத்தி இருக்கிற காலி இடத்துல பிற்காலத்துல மத்தவங்களைப் புதைச்சிருக்கணும்னு. எவ்வளவு அழகா எழுதினேன், ரெண்டு பாரா. எழுதி முடிச்சதும் எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு. நாம சொல்ற பொய்ல நாமளே காரணத்தோட எழுதற பொய்தான் நல்லா ஒட்டுது. பொய்னு கூட சொல்ல முடியாது. சோம்பேறித்தனமா? அதுவும் இல்லை, அன்னைக்கு உச்சி வெயில்ல ரெண்டு மணி நேரம் முள்ளைத் தள்ளி எண்ணினேன். ஆசை. ஜோன் ஏழு வருசமா கையால கடுதாசி எழுதினாங்க, ஒவ்வொண்ணுலயும் இந்த மாசமாவது ஏதாவது தெரிஞ்சுதா மிஸ் ஹெப்சிபான்னு. கிடைச்சிடுச்சுன்னு சொல்ல எனக்கு ஆசை.

ஆலன் டீயை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிக்கிறாரு. நல்லாயிருக்குன்னு தலையாட்டறாரு. நான் போனை எடுத்தேன், ரிஜிஸ்டர் பக்கமெல்லாம் படம் பிடிச்சு வச்சிருக்கேன். மொத்தம் இருபத்தி ரெண்டு வரிசை. ரோட்டுப் பக்கத்துலேருந்து நாலுன்னா இந்த வாசல்லேருந்து பத்தொன்பது. என் இடக்கை அந்தப் பாதிரிக்கு வலக்கை. பத்தொன்பதாம் வரிசை, வலக்கைப் பக்கம், ஏழு. அடுத்து வந்த பாதிரிகளும் இவன் வழக்கத்தையே பிடிச்சுக்கிட்டாங்க, அது ஒரு புண்ணியம். விரலால தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன், விரல் வேர்த்து வழுக்குது. 1836, நவம்பர். மேரி, ஞானஸ்நானம் பெற்ற சுதேசிப் பெண், கோட்டை சார்ஜென்ட் வீட்டு ஆயா, வயசு சுமார் ஐம்பது, அந்தக் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி இங்கே அடக்கம். அவ்வளவுதான். அப்பன் பேரு இல்லை, ஊரு இல்லை. மேரிங்கிறதே அவங்க வச்ச பேருதான், பிறந்தப்ப என்ன பேரோ. அவ மேலதான் போன வாரம் கருப்பு கிரானைட் கல்லு பதிச்சிருக்கோம், மேல சிலுவை, கீழ சாமுவேல் விட்கோம்ப்னு. அப்போ சாமுவேல்? இந்த அடைச்ச வாசலுக்கு அந்தப் பக்கம் நாலு வரிசை, இடக்கைப் பக்கம் ஏழு. எனக்கு உள்ள ஒவ்வொரு கல்லும் தெரியும், கண்ணை மூடிக்கிட்டே நடக்கலாம். மனசுக்குள்ளயே நடந்தேன். ஒண்ணு, ரெண்டு, உடைஞ்ச தூண், வேப்பங்கன்னு, மூணு, நாலு. இடக்கைப் பக்கம் திரும்பினா மோட்டார் ரூம். பத்து வருசம் முன்னாடி சர்ச்சுக்காக தண்ணிக்கு போர் போட்ட இடம். இருநூத்தி அறுபது அடி. மோட்டார் ரூம் ஓரத்துலேருந்து மதில் மேல ஒரு பச்சை பைப் வந்து பச்சையம்மாவோட டீத்தண்ணி டிரம்முல விழுது. நான் கையில வச்சிருந்த டீ கிளாசைப் பார்த்தேன். பாதி குடிச்சாச்சு. சிரிப்பு வந்துச்சு, சத்தியமா, அடக்க முடியாத சிரிப்பு. ஆலன் என்னன்னு பார்த்தாரு. வெயில் சார்னேன். வெயிலுக்கு எவளாவது சிரிப்பாளா.

இது இவரோட முடியற கதையா. அதே பாதிரி, அதே ரிஜிஸ்டர், அதே கேட்டு. இந்தத் தோட்டத்துல மட்டும் நான் காட்டிக் கொடுத்தது இவரோட சேர்த்து பன்னெண்டு. பதினோரு குடும்பம் வந்து அழுது, பூ வச்சு, மண்ணைக் கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துட்டுப் போயாச்சு. ஒருத்தன் அந்த இடத்துலயே மண்டி போட்டு மோதிரத்தை எடுத்துக் கூட வந்த பெண்ணுக்குப் போட்டான், என் கண்ணு முன்னாடி. ஒரு அம்மா வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு எனக்குக் கேக் அனுப்புது, உடைஞ்சு தூளாத்தான் வந்து சேரும், இருந்தாலும் அனுப்புது. பன்னெண்டும் தப்பு. ஆண்டவரே, பன்னெண்டும். எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கொடியில காயப்போட்ட துணியை எண்ணிட்டு வந்து ஒம்பதும்பா, பத்தும்பா, மறுபடி போவா. அப்புறம் ஒருநாள் என்னைப் பார்த்து நீங்க யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டா. எனக்கும் வந்துடுச்சோ. இல்லை, இது மறதி இல்லை, இது பார்க்காதது, பார்க்காததுக்கும் மறதிக்கும் வித்தியாசம் இருக்கு, இருக்கில்ல? சும்மா இருந்துடலாம். யாருக்குத் தெரியும். பச்சையம்மாவுக்கு வாசல் தெரியும், ரிஜிஸ்டர் தெரியாது. பாஸ்டருக்கு ரெண்டும் தெரியாது. ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஜென்மம் நான். பெட்டியை உள்ள வச்சு மூடியாச்சுன்னா சனிக்கிழமை ஃபிளைட். இந்த மனுசன் இனிமே இந்தப் பக்கம் வரப்போறதில்லை. வாயை மூடிக்கிட்டு இன்னும் ஒரு மணி நேரம் நின்னா போதும். ஆனா ஜோன். ஏழு வருசம் கடுதாசி எழுதின கை அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. எவ பக்கத்துலயோ கொண்டுபோய்ப் படுக்க வைக்கப்போறேன், தெரிஞ்சே. நேத்து வரைக்கும் அது தப்பு, இன்னைக்கு அது துரோகம். முனிரத்தினம் சாவியோட வந்துட்டான்னா அப்புறம் என்னால சொல்ல முடியாது, எனக்கு என்னைத் தெரியும். அவன் வராம இருக்கணும்னும் இருக்கு, வந்து தொலையணும்னும் இருக்கு.

சந்து முனையில சைக்கிள் மணி கேட்டுச்சு. அது வேற எவனோ, தண்ணி கேன் வச்சுக்கிட்டுப் போனான். ஆனா அந்த மணிதான் என் வாயைத் திறந்துச்சு. மிஸ்டர் விட்கோம்ப், ஒரு தப்பு நடந்துபோச்சுன்னேன். இங்கிலீஷ்ல சொல்றப்ப நடந்துபோச்சுன்னு சொல்ல வரலை, நான் பண்ணிட்டேன்னுதான் வருது. சொன்னேன். வளைவைக் காட்டினேன், செங்கல்லைக் காட்டினேன், எந்தப் பக்கத்துலேருந்து எண்ணினேன், எந்தப் பக்கத்துலேருந்து எண்ணியிருக்கணும், எல்லாம். என் குரல் ஆபீஸ்ல பேசற மாதிரி வருது, எனக்கே கேட்கச் சகிக்கலை. தேதி உறுத்தினதையும் சொன்னேன், அதை மறைச்சிருக்கலாம், மறைக்கலை. இதே மாதிரி இன்னும் பதினோரு பேருன்னும் சொன்னேன். அவரு வளைவையே பார்த்துக்கிட்டிருந்தாரு.  பச்சையம்மா அடுப்பைக் கூட்டி வச்சுது. அப்புறம், "ஜோனுக்கு இது தெரியுமா?" ன்னாரு. தெரியாது, எனக்கே அரை மணி நேரமாத்தான் தெரியும்னேன். "நல்லது" ன்னாரு. "கடைசி மூணு மாசம் நீங்க அனுப்பின ஃபோட்டோதான் அவ கட்டில் பக்கத்துல. அந்தச் செங்கல் மேடு. ராத்திரி எனக்கு குட்நைட் சொல்ல மறந்தாலும் அதுக்கு மறக்க மாட்டா."  சரியான இடத்தை நான் காட்டறேன், கொஞ்சம் இடைஞ்சலா இருக்கு, ஆனா காட்டறேன், பெட்டியை அதுக்குப் பக்கத்துலயாவதுன்னு ஆரம்பிச்சேன். கையை உசத்தினாரு, பஸ் ஓட்டறவங்க அப்படித்தான் உசத்துவாங்க போல. "எங்கேன்னு சொல்லாதீங்க." அவ்வளவுதான். கொஞ்சம் கழிச்சு, "நாம கல்லு போட்ட இடத்துல இருக்கிறது யாரு?" மேரி, ஒரு ஆயான்னேன். ம்னாரு. தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டாரு. "மத்தவங்களுக்கு எழுதுங்க மிஸ் ஹெப்சிபா. பதினோரு பேருக்கும். அவங்கள்ல சின்ன வயசுக்காரங்க இருப்பாங்க, திரும்பி வருவாங்க. எனக்கு மட்டும் எழுத வேண்டாம். நான் இங்க டீ குடிச்சேன், வேற எதையும் கேட்கலை." திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை, என்ன பொம்பளை நீன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அழுது முடிச்சிருப்பேன். கோவம் வந்துச்சு எனக்கு, அவரு மேல. பாவத்தைச் சொன்னா வாங்கிக்கணும்ல, வாங்கிக்காம அப்படியே என் மடியிலயே திருப்பி வச்சுட்டாரு.

முனிரத்தினம் பாஸ்டரையே பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்துட்டான். "பீரோவுல இல்லம்மா, சமையல்கட்டுல ஆணியில மாட்டியிருந்துச்சு" ன்னு பல்லைக் காட்டறான். பூட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, திருகி, ஒரு வழியா திறந்தான். உள்ள போனோம். மோட்டார் ரூம் பக்கம் நான் திரும்பலை, ஆலனும் திரும்பலை, ரெண்டு பேரும் ஒரே மாதிரி நேரா பார்த்துக்கிட்டு நடந்தோம், அதுலயே எனக்குத் தெரிஞ்சுது அவருக்குப் பாதி புரிஞ்சு போச்சுன்னு. நான் வரிசையை எண்ணாம இருக்கப் பார்த்தேன். காலு எண்ணிக்கிட்டே போச்சு. பத்தொன்பதுல நின்னுச்சு. கருப்புக் கல்லு பளபளன்னு இருக்கு, பக்கத்துல முழங்கை ஆழத்துக்குக் குழி, முனிரத்தினம் காலையிலயே தோண்டி ஓரத்தை நல்லா நறுக்கி வச்சிருக்கான், இந்த மாதிரி வேலையில மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. பாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஜெபம் வாசிச்சாரு. மண்ணுக்கு மண்ணா, சாம்பலுக்குச் சாம்பலா. சாமுவேல்னு ரெண்டு தடவை சொன்னாரு, ஜோன்னு ஒரு தடவை. ஆலன் ஆமென்னாரு, கணீர்னு. அப்புறம் பெட்டியை எடுத்துக்கிட்டு மண்டி போடப் பார்த்தாரு. முட்டி மடங்கலை. ஒரு கையால கல்லைப் பிடிச்சுப் பார்த்தாரு, இன்னொரு தடவை பார்த்தாரு, முகமெல்லாம் சிவந்து போச்சு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு. முனிரத்தினம் ஓடி வந்தான், அவனை வேண்டாம்னுட்டாரு. "நீங்களே வச்சிடுங்க மிஸ் ஹெப்சிபா. உங்க கையாலன்னாதான் அவ சரின்னு சொல்லுவா." பெட்டி நான் நினைச்சதைவிட கனமா இருந்துச்சு. புடவையைச் செருகிக்கிட்டு மண்டி போட்டேன், குழிக்குள்ள கையை விட்டேன். மண்ணு ஜில்லுனு இருந்துச்சு. பின்னாடி மூணு ஆம்பிளைங்க தலையைக் குனிஞ்சு நிக்கறாங்க, நான் ஜெபம் பண்றேன்னு நினைச்சிருப்பாங்க. நான் பஸ்ல சொல்ற மாதிரிதான் சொன்னேன், வாய்க்குள்ளயே, தமிழ்ல. மேரி, கொஞ்சம் தள்ளிக்கம்மா. இன்னொருத்தங்க வராங்க.